பிட்டத் தசை முடிச்சும் கால் வரை இழுக்கும் வலியும்

நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது பிட்டத்தில் சுருக்கென்று பிடித்து, தொடையின் வெளிப்புறமாகக் கணுக்கால் வரை இழுக்கும் வலியைப் பலரும் உடனே சயாட்டிகா, அதாவது காலுக்குச் செல்லும் பெரிய நரம்பின் பாதையில் வரும் நரம்பு வலி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துவதாலும் அப்படி வரும் என்பது உண்மையே. ஆனால், பிட்டத்தின் ஆழத்தில் உள்ள சிறு தசையில் இறுகிக் கிடக்கும் ஒரு முடிச்சும் ஏறத்தாழ அதே பாதையில் வலியைப் பரப்பும். அதற்கு மேலுள்ள நடுத்தசையின் முடிச்சு, பெல்ட் கட்டும் இடத்தை ஒட்டி அடிமுதுகில் வலிக்கும். ‘ட்ரிகர் பாயிண்ட்’ எனப்படும் இம்முடிச்சுகள் உருவாகும் விதம் குறித்து ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் சரியான இடத்தில் அளவாக அழுத்தம் கொடுத்தால் பலருக்கு வலி தணிகிறது.

தொடங்குமுன் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். மலசலம் கழிக்கும் பகுதியில் மரத்துப்போதல், சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமை, பாதத்தைத் தூக்க இயலாத பலவீனம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலியோடு காய்ச்சல் இருந்தாலும், கீழே விழுந்த பின் வலி தொடங்கியிருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யலாகாது.

இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும், தொடையின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் எலும்புக்கும் இடைப்பட்ட சதையைக் கட்டை விரலால் மெல்ல அழுத்தித் தேடுங்கள். முறுக்கிய கயிறு போல ஓர் இழை தட்டுப்படும். அதன் ஓரிடத்தில் அழுத்தும்போது, நாள்தோறும் படுத்தும் அதே வலி அதே இடத்துக்கு ஓடினால் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று கொள்ளலாம். அழுத்திய இடம் மட்டும் வலிப்பது போதுமான அடையாளம் அன்று.

ஒரு டென்னிஸ் பந்தைக் காலுறைக்குள் போட்டு, சுவருக்கும் பிட்டத்தின் வெளிப்புறத்துக்கும் இடையே வைத்துச் சாய்ந்து நில்லுங்கள். பத்துக்கு ஐந்து என்று சொல்லத்தக்க வலி போதும். மூச்சை அடக்காமல் 30 நொடி முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே நின்று, பிறகு விலகுங்கள். ஒரு வேளைக்கு இரண்டு, மூன்று இடங்களுக்கு மேல் வேண்டாம். அழுத்தமாக இருந்தால்தான் பலன் என்று எடுத்த எடுப்பில் தரையில் கிரிக்கெட் பந்தை வைத்துப் படுப்பவர்கள் சதை கன்றிப்போய் நடக்கவே சிரமப்படுவார்கள். பிட்டத்தின் நடுவிலும் கீழ்ப்பகுதியிலும் சயாட்டிக் நரம்பு செல்வதால் அங்கே பந்தை வைக்கக் கூடாது. மின்சாரம் பாய்வது போலவோ மதமதப்பாகவோ இருந்தால் உடனே இடத்தை மாற்ற வேண்டும்.

பின்னர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, நாற்காலியில் அமர்ந்து, வலிக்கும் பக்கத்துக் கணுக்காலை மறு முழங்கால்மீது வைத்து, முதுகு வளையாமல் முன்னே சாய்ந்து 30 நொடி இருங்கள்.

பின்பையில் தடித்த பர்ஸை வைத்தபடி வண்டி ஓட்டுவதும், குழந்தையை எப்போதும் ஒரே இடுப்பில் சுமப்பதும் தொடர்ந்தால் முடிச்சு திரும்பவும் இறுகும். ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்வது நல்லது. மூன்று, நான்கு வாரங்களில் மாற்றம் தெரியவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். இடுப்புத் தசைகளின் பலத்தையும் அவர் சோதித்துப் பார்ப்பார்.