ஆஸ்திரேலியாவில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக: முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள்

நோயை மதிப்பிட்டு, கண்டறிந்து, மருந்தும் எழுதும் உயர்நிலை நர்ஸ்தான் நர்ஸ் பிராக்டிஷனர். இந்தப் பயிற்சி முதன்முதலில் 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆனால் நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரிட்டனில் வி300 படிப்பை முடித்த நர்ஸ், பிராக்டிஷனர் பதவி இல்லாமலே மருந்து எழுதலாம். ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. நர்சிங் போர்டின் ஒப்புதல் இல்லாமல் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

போர்டு கேட்பது மூன்று. பணித்திறன் குறைவு அல்லது தொழில் நடத்தை சார்ந்த நிபந்தனை இல்லாத ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) பதிவு, போர்டு அங்கீகரித்த நர்ஸ் பிராக்டிஷனர் மாஸ்டர்ஸ் அல்லது அதற்கு இணையானது என்று நீங்களே நிரூபிக்கும் படிப்பு, விண்ணப்பத்துக்கு முந்தைய 6 ஆண்டுகளுக்குள் உயர்நிலை கிளினிக்கல் பணியில் 5,000 மணி நேரம். இந்தியாவில் முடித்த எம்.எஸ்சி. நர்சிங் தானாக இதற்கு ஈடாகிவிடாது.

பலர் சறுக்குவது மூன்றாவதில்தான். விடுப்பு போக ஆண்டுக்கு 48 வாரம் வேலை என்று வைத்துக்கொள்வோம். வாரம் 16 மணி நேரம் பார்த்தால் ஆறு ஆண்டில் 4,608தான் சேரும். எத்தனை வருடம் இழுத்தாலும் எட்டாது, ஏனென்றால் பழைய மணிகள் கணக்கிலிருந்து கழன்றுகொண்டே இருக்கும். குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். 24 மணி நேரமானால் நாலரை ஆண்டில் முடியும். பிள்ளைப்பேறு விடுப்பு எடுக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முன்பே போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்த சிக்கல், அந்த மணிகள் 'உயர்நிலை' என்று காட்டுவது. பதவிப் பெயர் போதாது. ரோஸ்டர் (பணி அட்டவணை) போடுவதிலேயே நாள் கழியும் நர்ஸ் மேனேஜர் எவ்வளவு சீனியராக இருந்தாலும் இங்கே உதவாது. நேரடி நோயாளிப் பராமரிப்போடு, பிறருக்குக் கற்பிப்பது, ஆய்வு, நடைமுறைகளைச் சீராக்குவது, துறைத் தலைமை ஆகியவற்றுக்கும் சான்று வேண்டும். வேலை விவரத்தையும், மணி நேரத்தைக் குறிப்பிடும் பணிச் சான்றையும் ஒவ்வொரு வேலையை விடும்போதும் கையோடு வாங்கிவிடுங்கள். மேலாளர் மாறிய பிறகு அலைவதுதான் மிச்சம்.

சான்றாக நோயாளி விவரங்களை எழுதும் விதத்திலும் கவனம் தேவை. இதயச் செயலிழப்பு நோயாளிக்கு ரத்தத்தில் பொட்டாசியம் 5.9 என்று அதிகமாக வருகிறது. "டாக்டரிடம் தெரிவித்தேன்" என்று எழுதினால் அது எந்த ஆர்.என்.னும் செய்வது. ஈ.சி.ஜி. எடுத்து டி அலையைப் பார்த்தது, ரத்த மாதிரி சிதைந்து பொய்யாகக் கூடியிருக்குமோ என்று மறுபடி அனுப்பியது, பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய ஸ்பைரோனோலாக்டோன் மருந்தை நிறுத்தப் பரிந்துரைத்தது, அதற்கான காரணம், பிறகு வந்த அளவு என எழுதினால் உங்கள் முடிவெடுக்கும் திறன் தெரியும். பெயர், பதிவு எண் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

மாஸ்டர்ஸில் 300 மணி நேரமாவது ரோஸ்டரில் கணக்கில் எடுக்காத பயிற்சியாகச் செய்ய வேண்டும். வழிகாட்டியையும் அந்த நேரத்துக்கு வேலையிலிருந்து விடுவிப்பையும் சேருமுன்பே எழுத்தில் பெறுங்கள். இது இல்லாமல் பாதியில் நிற்க நேரலாம்.

ஒப்புதல் வந்ததும் எல்லா மருந்தும் எழுதலாம் என்று பொருளில்லை. உங்கள் துறை வரம்பும் மாநிலச் சட்டமும் கட்டுப்படுத்தும். தனியாக நோயாளி பார்த்து அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பில் போட தனி எண் வாங்க வேண்டும். மருத்துவரோடு கூட்டு ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற பழைய சட்டக் கட்டாயம் 2024 நவம்பர் 1 முதல் இல்லை. ஆண்டுப் புதுப்பிப்பு மே 31க்குள்; வழக்கமான 20 மணி நேரத் தொடர் கல்வியோடு, மருந்து எழுதுதல், பரிசோதனை, பரிந்துரை சார்ந்து கூடுதலாக 10 மணி நேரம் காட்ட வேண்டும்.