காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள் பயணம்: காலைப் பொழுதைத் தொலைக்காதீர்கள்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர்தான். பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே யாரும் திட்டம் போடுவதில்லை. "ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்" என்று கிளம்பி, சாயங்காலம் ஒரு புடவைப் பையோடும் தலைவலியோடும் திரும்புகிறார்கள். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களை அங்கே கூட்டிப் போய்க் காட்டும் வேலை பல வருஷமாக என் தலையில்தான். ஆரம்ப காலத்தில் நாங்கள் செய்த அதே தப்புகளை இன்று புதிதாகப் போகிறவர்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். அதனால்தான் அந்தத் தப்புகளை ஒவ்வொன்றாக இங்கே எழுதுகிறேன். குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

காலையில் முதல் வேலையாகப் பட்டுக்கடை

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

காஞ்சிக் கோயில்கள் பெரும்பாலும் பகல் 12, 12.30 மணிக்கு நடை சாத்திவிடும். மறுபடி திறக்க 4 மணி ஆகும். கடைகளோ நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். அப்படியானால் காலையை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் பத்தில் எட்டுக் குடும்பம் தலைகீழாகத்தான் செய்கிறது.

மதுரையிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. அன்றைக்கு என்னால் கூடப் போக முடியவில்லை. வாடகைக் காரில் அனுப்பினேன். ஊருக்குள் நுழைந்ததுமே டிரைவர், "இப்பதான் கடை திறந்திருப்பாங்க, போணி நேரம், விலை நல்லா குறைச்சுத் தருவாங்க" என்று ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டார். சித்திக்கும் ஆசை. "கோயில் எங்க ஓடிடப் போவுது?" என்று உள்ளே போய்விட்டார். அங்கே மெத்தையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டு புடவை எடுத்து வெளியே வரும்போது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. காமாட்சி அம்மன் கோயில் வாசலுக்குப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கைலாசநாதர் கோயிலைப் பார்ப்பதற்காகவே அவ்வளவு தூரம் வந்தார். வெயிலில் காருக்குள் நான்கு மணி நேரம் காத்திருந்து, சாயங்காலம் மூன்று கோயில்களை ஓட்டமாக ஓடிப் பார்த்து, கைலாசநாதருக்கு அவர் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. சுவரில் இருந்த எழுத்து ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தக் கோயிலில் அவர் பார்த்திருக்க வேண்டியதைச் சொன்னால் என் கோபம் புரியும். 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் கட்டிய கோயில் அது. சுற்றுச் சுவரை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள், பின்னங்காலில் எழும்பி நிற்கும் சிங்கத் தூண்கள், ராஜசிம்மனின் பட்டப்பெயர்களைப் பொறித்த வரிகள். சில சன்னதிகளுக்குள் குனிந்து பார்த்தால் பழைய ஓவியத்தின் மிச்சம் தெரியும். சுண்ணாம்புப் பூச்சின் மேல் ஒரு கண், ஒரு கிரீடத்தின் ஓரம், மங்கிய காவி. கிழக்குப் பார்த்த கோயில் என்பதால் காலை வெயிலில் சிற்பமெல்லாம் தெளிவாகத் தெரியும். காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் இந்தக் கோயில் சொத்தைக் கொள்ளையடிக்காமல் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்லும் கன்னடக் கல்வெட்டும் இங்கேதான் ஒரு தூணில் இருக்கிறது. எதிரி ராஜாவே மதித்த இடத்தை டிரைவரின் கமிஷன் ஆசைக்காக இழப்பது நியாயமா?

ஆமாம், கமிஷன்தான். ஆட்டோக்காரரோ கார்க்காரரோ காட்டும் கடையில் அவருக்கு ஒரு பங்கு போவது ஊரறிந்த விஷயம். அந்தப் பங்கும் உங்கள் பில்லில்தான் சேரும். கிளம்பும்போதே, "கடைக்கு மத்தியானம்தான், எந்தக் கடைன்னு நாங்க சொல்றோம்" என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

கோயில் மூடியிருக்கும் அந்த நான்கு மணி நேரம் சாப்பாட்டுக்கும் புடவைக்கும் தாராளமாகப் போதும். அவசரமில்லாமல் கேட்டுப் பார்த்து வாங்கலாம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக இருந்தால் கோர்வையா என்று கேளுங்கள். கரையைத் தனி நாடாவில் (ஊடு நூலை ஓட்டும் தறிக் கருவி) கோர்த்து நெய்யும் வேலை அது, விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஜரிகை இழை ஒன்றை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளிக் கம்பியைச் சுற்றிய அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும். வெள்ளை நூல் தெரிந்தால் புடவையை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு மணிக்குக் கிளம்புவது

ஐந்தரைக்குக் கிளம்புங்கள். வேலை நாளில் பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனி பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொள்ளும். செங்கல்பட்டு வழியாகப் போகும் ரயிலில் நிம்மதியாகப் போகலாம், ஆனால் வண்டிகள் குறைவு. திரும்பும் வண்டியின் நேரத்தையும் முதல் நாளே பார்த்து வையுங்கள்.

எல்லாக் கோயிலையும் முடித்துவிடும் ஆசை

காஞ்சியில் தெருவுக்குத் தெரு கோயில். ஒரு நாளில் நான்கைந்துக்கு மேல் பார்த்தால் எதுவுமே மனசில் தங்காது. என் வழக்கம் இது: காலையில் மேற்கு ஓரத்தில் இருக்கும் கைலாசநாதர், அங்கிருந்து ஏகாம்பரநாதர், பிறகு ஊர் நடுவில் காமாட்சி அம்மன். நேரம் இருந்தால் வைகுண்டப் பெருமாள். அங்கே திருச்சுற்றுச் சுவரில் பல்லவ வம்சத்தின் கதையையே வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்கு ஊருக்குள் வரதராஜப் பெருமாள் ஒன்று போதும். கூட்டம் எல்லாம் தங்கப் பல்லியைத் தொட வரிசையில் நிற்கும். நீங்கள் நூற்றுக்கால் மண்டபத்துக்கும் போங்கள். ஒரே கல்லில் குடைந்த சங்கிலி அங்கே தொங்குகிறது.

பெரிய காஞ்சியிலிருந்து சின்ன காஞ்சிக்கு நடப்பது

வேண்டாம். வரதராஜர் இருக்கும் சின்ன காஞ்சி தள்ளி இருக்கிறது, ஆட்டோ பிடியுங்கள்.

பஞ்சாங்கம் பார்க்காமல் போவது

வைகாசி கருட சேவை, பங்குனித் திருக்கல்யாணம் என்றால் அதற்காகவே போங்கள். சிற்பம் பார்க்க அன்றைக்குப் போகாதீர்கள்.

கோயில் இட்லியைச் சாதா இட்லி என்று நினைப்பது

மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கும் வரதராஜர் கோயில் பிரசாதம் அது. கனமாக இருக்கும். இரண்டு துண்டு சாப்பிட்டால் மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பருத்திக்குன்றத்தை விட்டுவிடுவது

வேகவதி ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் சமணக் கோயில் இது. சென்னைக்காரர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மண்டபக் கூரை முழுக்கத் தீர்த்தங்கரர்களின் கதையை வண்ண ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். யானைகள், ஊர்வலங்கள் என்று வரிசை வரிசையாகப் போகும். நாலு மணிக்கு நடை திறந்ததும் முதலில் இங்கே வந்துவிட்டு அப்புறம் வரதராஜரிடம் போங்கள். பொழுது சாய்ந்துவிட்டால் கூரையில் ஒன்றும் தெரியாது.