ஸ்விட்சிங் சர்க்யூட் மேல பேட்டன்ட் நோட்டீஸ் வந்தா எதைப் படிக்கணும்

அமெரிக்காவுல விக்கிற சார்ஜருக்கு கன்ட்ரோலர் சிப் டிசைன் பண்றீங்க, "உங்க சிப் எங்க பேட்டன்ட்ட மீறுது"ன்னு லெட்டர் வந்துடுச்சு. உடனே பேட்டன்ட் படத்தையும் உங்க சர்க்யூட் படத்தையும் பக்கத்துல வச்சு ஒரே மாதிரி இருக்கான்னு தேடாதீங்க. பேட்டன்டோட கடைசிப் பக்கங்கள்ல நம்பர் போட்டு கிளெய்ம் இருக்கும், அதாவது எது எதுக்கு உரிமை கேக்குறாங்கன்னு சொல்ற வரிகள், சண்டையே அங்கதான்.

பவர் இன்டக்ரேஷன்ஸ் கம்பெனியோட 6,249,876 நம்பர் பேட்டன்ட்ட எடுத்துக்கோங்க. ஸ்விட்சிங் ஃப்ரீக்வன்சி (சிப் ஒரு செகண்டுல எத்தனை தடவை ஆன்-ஆஃப் பண்ணுதுங்கறது) ஒரே இடத்துல நின்னா இஎம்ஐ, அதாவது மத்த கருவிகளுக்கு இடைஞ்சலான மின்காந்த இரைச்சல், மொத்தமும் அங்கயே குவியும், அதனால ஃப்ரீக்வன்சிய லேசா ஆட்டி விடுறாங்க, அதான் ஜிட்டர். ஆனா ஆட்டுற எல்லாமே அவங்க சொத்து கிடையாது. முதல் கிளெய்ம் கேக்குறது ஒரு ஆசிலேட்டர் (அந்த ஃப்ரீக்வன்சிய உண்டாக்குற பகுதி), அதோட கன்ட்ரோல் இன்புட்ல சேர்ந்த டிஏசி (டிஜிட்டல் எண்ண அனலாக் சிக்னலா மாத்துறது), அந்த டிஏசிய நகத்துற கவுன்ட்டர் (எண்ணிக்கிட்டே போற பகுதி). ஒரு பேப்பர்ல இடது பக்கம் இத ஒவ்வொண்ணா எழுதுங்க, வலது பக்கம் உங்க ஸ்கீமேட்டிக்ல (சர்க்யூட் வரைபடத்துல) அது எந்த பிளாக்னு எழுதுங்க. ஒரு வரி காலியா நின்னாலே உங்களுக்கு நல்ல பிடி கிடைச்சாச்சு, ஆனா வேற பிளாக் அதே வேலைய அதே மாதிரி செய்யுதுன்னு அவங்க வாதாடலாம், அதையும் குறிச்சு வைங்க.

சின்ன வார்த்தைய தாண்டிப் போகாதீங்க, ப்ளீஸ். இதே பேட்டன்ட்ல "கப்புள்டு"ன்னு ஒரு வார்த்தை, இணைஞ்சிருக்குன்னு அர்த்தம். பழைய பேட்டன்ட் ஒண்ணுல கவுன்ட்டருக்கும் டிஏசிக்கும் நடுவுல ஈப்ராம்னு ஒரு மெமரி சிப் இருந்துச்சு. அதுவும் கப்புள்டுன்னா இந்த கிளெய்ம் புதுசே இல்லன்னு ஆயிடும். அப்ப அது கப்புள்டா இல்லையான்னு வருஷக்கணக்கா இழுத்து, கடைசில 2018ல ஃபெடரல் சர்க்யூட் கோர்ட் (பேட்டன்ட் அப்பீல் போற அமெரிக்க கோர்ட்), பேட்டன்ட் ஆபீஸ் எடுத்த அர்த்தம் ரொம்ப அகலம்னு தள்ளுச்சு.

அந்த ஐடியா முன்னாடியே இருந்துச்சுன்னு காட்டுற பழைய ஆதாரம் உங்க கையில இருந்தா தேதிய பாருங்க. கேஸ் பேப்பர் வந்த 1 வருஷத்துக்குள்ள ஐபிஆர், அதாவது அந்த பேட்டன்ட் செல்லாதுன்னு பேட்டன்ட் ஆபீஸ்கிட்டயே குடுக்குற மனு, போட்டாகணும். ஃபேர்சைல்டுங்கற சிப் கம்பெனி மேல பவர் இன்டக்ரேஷன்ஸ் முன்னாடியே கேஸ் போட்டிருந்துச்சு, 2016ல அத வாங்கின ஆன் செமிகண்டக்டர் ஒரு ஐபிஆர் போட்டதுக்கு, ஃபேர்சைல்டோட கெடு உனக்கும் சேர்த்துதான்னு 2019ல கோர்ட் சொல்லிடுச்சு. அதே வருஷம் ஆன் செமிகண்டக்டர் பவர் இன்டக்ரேஷன்ஸுக்கு 17.5 கோடி டாலர் குடுத்து செட்டில் பண்ணுச்சு, 2004ல ஆரம்பிச்ச சண்டை அது.

இன்னொண்ணு, "நம்மளோடதும் அதே மாதிரிதான் இருக்கு"ன்னு டீம் மெயில்ல யாரும் எழுதாம பாத்துக்கோங்க, ஏற்கனவே எழுதினத அழிக்கவும் அழிக்காதீங்க. கேஸ்ல அந்த மெயில எல்லாம் கேட்டு வாங்குவாங்க, சந்தேகத்த லாயர்கிட்ட நேர்ல பேசுங்க.