ஜெட் படகின் சூடு தணிந்த கதை

நியூசிலாந்தின் கேன்டர்பரியில் போன கோடையில் பழைய ஜெட் படகு (தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் படகு) ஒன்று வாங்கினேன். வி8 இன்ஜின். விற்றவர் வாசலில் ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டியபோது நன்றாகத்தான் இருந்தது. வைமக்கரிரி ஆற்றில் இறக்கிய பத்தாவது நிமிடம் வெப்பமானி முள் மடமடவென்று ஏறியது. சரளைத் திட்டில் ஒதுக்கி, உடனே இன்ஜினை நிறுத்தினேன்.

முதலில் இன்ஜின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். பலனில்லை. அப்புறம்தான் தண்ணீர் போகும் பாதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். இந்தப் படகில் ரேடியேட்டர் கிடையாது. ஜெட் பம்ப் உறிஞ்சும் ஆற்றுத் தண்ணீரில் ஒரு பகுதி குழாய் வழியாக வந்து இன்ஜினைக் குளிர்விக்கிறது. நடுவில் ஒரு மணல் வடிகட்டி. திறந்தால், பாதிக்கு மேல் நைசான மணல்! இந்த ஆறு அப்படி. பல கிளைகளாகப் பிரிந்து சரளையும் மணலுமாக ஓடும். கழுவிப் பூட்டியதும் முள் பழைய இடத்தில் நின்றது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. த்ராட்டில் கொடுத்தால் இன்ஜின் அலறும், படகுக்கு வேகம் வராது. சாவியை எடுத்து வைத்துவிட்டு அடியில் பார்த்தேன். பம்ப் தண்ணீர் உறிஞ்சும் வாயிலுள்ள கம்பித் தடுப்பில் ஒரு கல்லும் களைச்செடியும் சிக்கியிருந்தன. எடுத்த பிறகும் பாதிதான் சரியானது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் விளிம்பும் அதைச் சுற்றியுள்ள வளையமும் கல் பட்டுத் தேய்ந்திருந்தன. இடைவெளி கூடினால் தண்ணீர் பின்னுக்குக் கசிந்து உந்துவிசை குறையும். செலவு வலித்தாலும் வளையத்தைப் புதிதாகப் போட்டு, இம்பெல்லரைப் பட்டறையில் சீராக்கி வாங்கினேன்.

இப்போது கரையேறியதும் முதலில் அந்த மணல் வடிகட்டியைத்தான் திறக்கிறேன்.