கையில் டிக்கெட் இருந்தும் வித்தவுட்: ப்ராக் விமான நிலையத்திலிருந்து பழைய நகருக்கு

சென்னை பேருந்தில் பத்து வருடம் போய் வந்தவன் நான். ஒரு நாள்கூட டிக்கெட் எடுக்காமல் ஏறியதில்லை. அப்படிப்பட்டவனை, செக் குடியரசின் தலைநகர் ப்ராக்கில் இறங்கிய முதல் நாளே வித்தவுட் என்று பிடித்துவிட்டார்கள். அதுவும் கையில் டிக்கெட் இருக்கும்போது. 2023இல் நடந்தது, இன்னும் எரிகிறது. புதிதாக வருகிறவர்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழக்கமான விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாக வந்தால் டெர்மினல் 1, பாஸ்போர்ட் சோதனை இங்கேதான். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும், இறங்குவது டெர்மினல் 2. இங்கே யூரோ இல்லை, செக் கொருனா. விமான நிலையத்தில் பணம் மாற்றாதீர்கள், டிக்கெட் இயந்திரத்துக்கு கார்டே போதும். மாற்றி ஏமாந்துவிட்டால் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் அதே கவுன்டருக்குப் போங்கள். 1000 யூரோ மதிப்பு வரை பரிமாற்றத்தை ரத்து செய்ய 2019இலிருந்து சட்டத்தில் இடம் உண்டு. வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வெளிநாட்டினர் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும், ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல்காரர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். டாக்சி வேண்டுமானால் ஆப்பில் போடுங்கள். வெளியே வந்ததும் தானாக வந்து பெட்டியைத் தூக்குகிறவர் எந்த ஊரிலும் நல்லவர் இல்லை.

சரி, வழிக்கு வருவோம். நான் வந்தபோது 119ஆம் எண் பேருந்து ஓடியது. 2024 மார்ச்சிலிருந்து அதற்குப் பதில் 59ஆம் எண் ட்ராலிபஸ் (மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பேருந்து), ரயில் மாதிரி மூன்று பெட்டி நீளம். கடைசி நிறுத்தம் நாட்ரஜி வெலஸ்லாவீன். நாட்ரஜி என்றால் ரயில் நிலையம். எனக்கு முதலில் நடராஜர் என்றுதான் காதில் விழுந்தது, கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது. அங்கே கீழே இறங்கி மெட்ரோ ஏ, பச்சைத் தடம், டெப்போ ஹோஸ்டிவார்ஷ் பக்கம் போகிற வண்டி. ஐந்தாவது நிலையம் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா. மேலே வந்தால் பழைய நகரச் சதுக்கம் நடக்கிற தூரம். பேருந்து, மெட்ரோ இரண்டுக்கும் ஒரே 90 நிமிட டிக்கெட் போதும்.

வினையே அந்த டிக்கெட்டில்தான். நம்மூரில் கண்டக்டர் கையிலிருந்து டிக்கெட் நம் கைக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. இறங்கும் வரை தொலைக்காமல் வைத்திருந்தால் போதும். இங்கே கண்டக்டர் கிடையாது, மெட்ரோவில் கதவுபோல் தடுக்கும் கேட்டும் கிடையாது. யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் 40 கொருனா கொடுத்து வாங்கிய டிக்கெட்டை மடங்காமல் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரப்படுத்திவிட்டு, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கதவருகே கம்பியில் ஒரு மஞ்சள் பெட்டி. ஏறியவர்களில் ஒருவர் அதில் சீட்டை நுழைத்து எடுத்தார். ஏதோ டிக்கெட் கிழிக்கும் பெட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டாரோமியெஸ்ட்ஸ்காவில் எஸ்கலேட்டர் முடிகிற இடத்தில் சாதாரண ஜாக்கெட் போட்ட ஒருவர் உள்ளங்கையில் பேட்ஜைக் காட்டினார். பெருமையாகவே நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் தேதியும் இல்லை, நேரமும் இல்லை. அந்த மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்தாத டிக்கெட் அவர் கணக்கில் வெறும் காகிதம். யோசித்தால் நியாயம்தான்: குத்தினால்தான் 90 நிமிடம் ஓடத் தொடங்கும், குத்தாவிட்டால் அதே சீட்டை வைத்து வருஷம் முழுக்கச் சுற்றலாமே. ஆனால் பதினாறு மணி நேரப் பயணக் களைப்பில் நியாயம் எங்கே புரிகிறது? "வாங்கியிருக்கிறேன், பாருங்கள்" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் விதிப் பலகையை விரலால் தட்டினார். உடனே கட்டினால் குறைவு என்றார். ஆயிரம் கொருனா கட்டினேன். சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வைக்கு இன்னும் ஆயிரம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே ஏறியவுடன், பெட்டியைச் சாய்த்து வைப்பதற்கும் முன்னால், சீட்டில் உள்ள அம்புக்குறிப் பக்கத்தை மஞ்சள் பெட்டியில் விடுங்கள். சத்தம் கேட்கும். எடுத்து, அச்சு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு முறைதான். அடுத்த வருடம் வந்த என் நண்பனிடம் "குத்து, குத்து" என்று நான் ஃபோனில் கத்திய கத்தலில், மெட்ரோ வாசலில் இருந்த மஞ்சள் பெட்டியிலும் அவன் இரண்டாவது முறை குத்திவிட்டான். இரண்டு முத்திரை விழுந்தாலும் செல்லாது. அவன் நல்ல நேரம், அன்று யாரும் மறிக்கவில்லை. ஆப்பில் வாங்குகிறவர்களும் வாங்கியதோடு விட்டுவிடக்கூடாது, பயணத்துக்கு முன் அதை இயக்கி வைக்க வேண்டும். அது செல்லுபடியாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், எனவே நிறுத்தத்திலேயே செய்துவிடுங்கள். பரிசோதகரைப் பார்த்த பிறகு ஃபோனை எடுத்துப் பயனில்லை.

நள்ளிரவுக்கு மேல் (வெள்ளி, சனி இரவுகளில் சுமார் ஒரு மணிக்கு மேல்) மெட்ரோ இருக்காது. அப்போது 910 இரவுப் பேருந்து. அதிலும் அதே மஞ்சள் பெட்டிதான்.

அப்புறம், பயணப் பெட்டி. பழைய நகரம் முழுக்கக் கருங்கல் பாவிய தெரு. 1410இலிருந்து சுற்றுகிற கடிகாரம் இருக்கிற ஊரில் தெரு மட்டும் வழவழப்பாகவா இருக்கும்? சின்னச் சக்கரப் பெட்டிகள் இங்கே உயிரை விடும். அபராதம் கட்டிய கையோடு நான் இழுத்துக்கொண்டு போனபோது, சதுக்கத்துக்கு முந்தைய சந்திலேயே ஒரு சக்கரம் கழன்று உருண்டது. உள்ளே அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய். தூக்கிக்கொண்டே நடந்தேன்.