புளோக்குக்குக் கீழே படிப்பகமா? முதலில் காற்றைப் பாருங்கள்

காலமெல்லாம் ஏர்கான் வேலை பார்த்தவன் நான். இப்போது ஓய்வு. சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்கின் கீழே படிப்பகம் வைக்கலாம் என்று வசிப்போர் குழுவில் யாராவது கிளம்பினால் என்னைக் கூப்பிடுவார்கள். "அங்கிள், எத்தனை அலமாரி வாங்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. அலமாரியைக் கடைசியில் வாங்குங்கள். வெயில், ஈரம், புழுக்கம் மூன்றுக்கும் வழி செய்யாத இடத்தில் ஆளும் உட்கார மாட்டார், புத்தகமும் தங்காது.

நகர மன்றத்திடம் அனுமதி கேட்கும் முன்பே, மாலை ஐந்து மணிக்கு வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், போய் நின்று பாருங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். உச்சி வெயில் தலைக்கு மேலே வருவதால் மாடியே நிழல் தந்துவிடும். காலையில் கிழக்கிலிருந்தும் மாலையில் மேற்கிலிருந்தும் தாழ்ந்து வரும் வெயில்தான் நேரே உள்ளே நுழைந்து புத்தக முதுகை வெளுக்கடிக்கும். அதனால் வடக்கும் தெற்கும் திறந்த இடமாகத் தேடுங்கள். லிஃப்ட் பக்கத்துச் சுவரோரம் அலமாரிக்கு, வெளிச்சம் விழும் ஓரம் நாற்காலிக்கு. பகலில் விளக்கே தேவைப்படாது.

அடுத்தது மழை. விடியற்காலையில் மேற்கிலிருந்து வரும் சுமத்ரா காற்று மழையைச் சாய்த்து அடிக்கும். தரை கழுவும் தண்ணீர் வேறு. கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாணாவது உயரத்தில் இருக்கட்டும், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். கண்ணாடிக் கதவு போட்டு இறுக்கிப் பூட்டினால் பார்க்க அழகு. உள்ளே அடைபட்ட ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டியே இருந்தால் காகிதத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சிங்கப்பூரின் சராசரியோ 80க்கும் மேல். ஆகவே திறந்த அலமாரி, மேலே மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. காற்று நகர்ந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வசிப்போர் குழு மூடிய அறையையே தருகிறதா? சரி, இங்கேதான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். சின்ன அறைக்குப் பெரிய ஏர்கான் வாங்கிவிடுவார்கள், பெரியது நல்லது என்று. அது சில நிமிடத்தில் அறையை ஜில்லென்று ஆக்கிவிட்டு கம்ப்ரசரை நிறுத்திக்கொள்ளும். குளிர் வந்திருக்கும், ஈரம் போயிருக்காது. ஈரத்தை இழுக்க வேண்டுமானால் மெஷின் நிதானமாகத் தொடர்ந்து ஓட வேண்டும். அறையின் பரப்பு, உட்காரும் ஆட்கள், வெயில் படும் சுவர் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, அளவான இன்வெர்ட்டர் மெஷின், அதாவது வேகத்தைக் குறைத்துக்கொண்டு நிற்காமல் ஓடும் ஏர்கான், போடுங்கள்.

25 டிகிரியில் வைத்து மின்விசிறியும் ஓடட்டும். இது மின்சாரத்தை மிச்சப்படுத்த மட்டுமில்லை. 19 டிகிரியில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு இரவில் அணைத்தால், கதவிடுக்கில் புகும் ஈரக்காற்று குளிர்ந்த புத்தக அட்டைகளில் பட்டு வியர்க்கும். பூஞ்சை பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது. 25ல் அந்த வியர்வை அநேகமாக வராது. சுவரில் ஒரு மலிவான ஈரப்பதமானியும் மாட்டிவையுங்கள்.

இனி ஆட்கள். வாய்ட் டெக் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. இந்த வாரம் மலாய்க் கல்யாணம் நடக்கும், அடுத்த வாரம் இறுதிச் சடங்கு நடக்கலாம். மேசை, அலமாரி எல்லாவற்றிலும் பூட்டுப்போடும் சக்கரம் இருந்தால் உருட்டி ஒதுக்கிவிடலாம், யாருக்கும் மனத்தாங்கல் வராது. அலமாரி நெஞ்சளவு உயரம் போதும்; சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வழி விடுங்கள்.

காலையில் தமிழ் முரசும் சீன நாளிதழ் சாவ்பாவும் மேசைக்கு வந்தால் தாத்தாக்கள் தாமாகவே வந்து உட்காருவார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு வருவார்கள், அவர்களுக்கு அகலமான மேசை வேண்டும். தமிழ்ப் புத்தகங்களைத் தனி மூலையில் ஒதுக்காதீர்கள் என்பது என் கட்சி. படக்கதைகளை நான்கு மொழியிலும் கலந்தே அடுக்குங்கள். பாட்டி தமிழில் வாசிக்க, பேரன் அதே தட்டில் ஆங்கிலம் எடுப்பான்.

வேலையைத் தொடங்கும் முன் சில இடங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் 2005ல் திறந்தது, கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைத்தது. வெயில் மறைப்புகளையும் மாடித் தோட்டங்களையும் கவனியுங்கள். 2006ல் வந்த பீஷான் நூலகத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வண்ணக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உட்கார்ந்து பாருங்கள், சின்ன மூலைக்கு எவ்வளவு ஈர்ப்பு என்று தெரியும். 2013ல் தொடங்கிய சைனாடவுன் நூலகம் தொண்டூழியர்களை நம்பி நடத்தப்பட்டது. ஆள் பலம் பற்றி யோசிப்பவர்களுக்கு அது நல்ல பாடம்.

நன்கொடைப் புத்தகம் குவியும். பழைய பாடநூல்களை வாங்காதீர்கள். மற்றவற்றை உதறி, ராமபாணப் பூச்சி இல்லையென்று பார்த்த பிறகே தட்டில் ஏற்றுங்கள். செடி வைக்கலாம், ஆனால் தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கிக் கொசு வரும், தட்டே வேண்டாம். அப்புறம், விசிறி இறக்கையைத் துடைப்பதும் ஏர்கான் ஃபில்டரைக் கழுவுவதும் யார் முறை என்று ஒரு தாளில் எழுதி, பெயரோடு சுவரில் ஒட்டிவிடுங்கள்.