தோட்டத்துக் காளானைச் சட்டியில் போடுவதற்கு முன்

ஐப்பசி மழை விட்டு வெயில் தலைகாட்டியதும், காட்பாடிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் காளான் முளைத்துவிடும். அதைக் காம்போடு ஒடித்து எடுக்காதீர்கள். சுற்றிலும் மண்ணைத் தோண்டி அடியோடு எடுங்கள். பாதி அடையாளம் மண்ணுக்குள்தான் இருக்கிறது.

தின்னக்கூடிய புற்றுக்காளானின் குடை நடுவே கூர்முனை இருக்கும். காம்பு வேர்போல நீண்டு கறையான் புற்றுக்குள் இறங்கும். அடியில் கிண்ணம் போன்ற உறை தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஆளைக் கொல்லும் அமானிட்டா வகைகளுக்கு அந்த உறை உண்டு.

அடுத்து, குடையை மட்டும் வெட்டி, அதன் மடிப்புகள் கீழே பார்க்கும்படி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, டம்ளரால் இரவு முழுவதும் மூடி வையுங்கள். காலையில் தாளில் பச்சை கலந்த தூள் படிந்திருந்தால், அது புல்தரையில் வரும் குளோரோஃபில்லம் என்ற விஷக்காளான்; தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். தூள் வெள்ளையாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், அமானிட்டாவின் தூளும் வெள்ளைதான்.

மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறியும், பூச்சி அரித்தது நல்ல காளான் என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அமானிட்டாவின் விஷம் கொதித்தாலும் அழியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வாந்தி தொடங்கும். பிறகு தேறியதுபோலத் தோன்றும், உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

துளி ஐயம் இருந்தாலும் சமைக்காதீர்கள். யாராவது தின்றுவிட்டால், வாந்திக்குக் காத்திராமல், மிச்சமுள்ள காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.